இளம் தோளில் ஒரு பொறுப்பு

1938 டிசம்பரில் தாம்பரம் கிறித்தவக் கல்லூரியில் உலக மிஷனெரி மாநாடு கூடியது. அதில் முன்னின்றவர்களில் ஒருவர் பேராயர் வேதநாயகம் சாமுவேல் அசரியா. நெல்லைச் சீமை வெள்ளாளன்விளைக்காரர். அந்தக் கல்லூரி ஜார்ஜ் டவுனில் இருந்தபோது அங்கே படித்தவர். படித்து வெளியே வந்த சிறிது காலத்திலேயே ஒய்.எம்.சி.ஏ. அவரை நம்பிச் செயலாளர் பொறுப்பைக் கொடுத்தது. ஊர் ஊராகப் போய் இளைஞர்களைத் திரட்டினார். 1903இல், 28 வயதில், இந்திய மிஷனெரி சங்கம் திருநெல்வேலியில் பிறக்கக் காரணமானார். பணம், ஆட்கள், நிர்வாகம் எல்லாமே நம்மவர்களுடையது. 1912இல் ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயர்.

குரோம்பேட்டை, சேலையூர் சபைப் பெரியவர்களே, வாலிபப் பிள்ளைகளுக்கு நாற்காலி அடுக்கும் வேலை மட்டும் போதாது. இளம் அசரியாவை ஒய்.எம்.சி.ஏ. நம்பியதுபோல, சபைக் கணக்கையும் ஒரு ஞாயிறு பிரசங்கத்தையும் அவர்களை நம்பிக் கொடுங்கள். தடுமாறினால் பக்கத்திலிருந்து சொல்லிக்கொடுங்கள்.