துணிப் பொம்மையும் ஊசிக் கணக்கும்

(நமது ஆஸ்பத்திரி சிற்றாலயத்தில் ஆதரவாளர்கள் கூடியிருந்தபோது ஆஸ்பத்திரி குருவானவர் அளித்த செய்தியின் எழுத்து வடிவம்)



உங்கள் காணிக்கைகளைப் பற்றிப் பேச நிற்கும்போதெல்லாம் எக்ஸ்ரே இயந்திரம், பிரசவ வார்டு, ஏழைகளுக்கு மருந்து என்று பெரிய காரியங்களையே சொல்லி வந்திருக்கிறோம். இன்றைக்கு ஒரு சாக்கு நிறைய வெட்டுத் துணியைப் பற்றிச் சொல்ல விரும்புகிறோம். சிரிக்கிறவர்கள் சிரிக்கலாம். ஆரம்பத்தில் நாங்களும் சிரித்தோம்.

திருத்தணியில் துணிக்குப் பஞ்சமில்லை. ஒரு பக்கம் பள்ளிப்பட்டு, பொதட்டூர்பேட்டை, ஆர்.கே.பேட்டை, எல்லைக்கு அந்தப் பக்கம் நகரி, புத்தூர். எங்கும் தறிச் சத்தந்தான். தையற்கடைகளில் மாலையானால் துண்டுத் துணி கால் முழங்கால் அளவு கிடக்கும். 1960 ஏப்ரல் முதல் தேதி வரையில் இந்த ஊரே ஆந்திராவின் சித்தூர் ஜில்லாவில் இருந்தது என்பது உங்களில் பெரியவர்களுக்குத் தெரியும். எல்லைக்கோடு மாறியது, நாக்கு மாறவில்லை. இன்றும் நம் வார்டில் ஒரு கட்டிலில் தமிழ், அடுத்த கட்டிலில் தெலுங்கு. நாம் பொம்மை என்கிறோம், அவர்கள் பொம்ம என்கிறார்கள். வித்தியாசம் அவ்வளவே.

அந்த ஒரு சொல்லிலிருந்துதான் இந்த வேலை தொடங்கிற்று. நகரிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு சிறுமி யாரிடமும் வாய் திறக்கவில்லை. எங்கே வலிக்கிறது என்று டாக்டர் இரண்டு பாஷையிலும் கேட்டுப் பார்த்தார். ஊசி போடும் தட்டைப் பார்த்த நேரத்திலிருந்து அவள் அழுகையும் நின்றுவிட்டது. அது அழுகையைவிட மோசம். அங்கே வேலை பார்த்து ஓய்வு பெற்ற சிஸ்டர் ஒருவர், தம் பையிலிருந்த கைக்குட்டையை முடிச்சுப் போட்டுத் தலையாக்கி, இரண்டு மூலையைக் கையாக்கி, "பொம்மக்கு எங்கே நோவுது?" என்று பாதித் தமிழிலும் பாதித் தெலுங்கிலும் கேட்டார். அவள் அதன் வயிற்றில், வலது பக்கம் கீழே விரலை வைத்தாள். மற்றதை டாக்டர் பார்த்துக்கொண்டார். மறுவாரமே சிஸ்டரம்மா தம் செலவில் காடாத் துணி வாங்கி வந்து, உடனிருப்போர் உட்காரும் வராந்தாவில் பாய் விரித்தார்.

இதில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். இங்கிலாந்தில் ஒரு காலத்தில் ஆஸ்பத்திரியில் சேர்த்த குழந்தையோடு தாய் தங்க அனுமதி கிடையாது. 1952ல் ஜேம்ஸ் ராபர்ட்சன் என்பவர், குடலிறக்க ஆபரேஷனுக்காக 8 நாள் தனியே விடப்பட்ட இரண்டு வயதுக் குழந்தை ஒன்றைப் படம் பிடித்துக் காட்டினார். அந்தப் பிள்ளை தன் கரடிப் பொம்மையையும் கம்பளித் துண்டையும் பற்றிக்கொண்டிருந்தது. படத்தைப் பார்த்த டாக்டர்களில் பலர் முதலில் கோபப்பட்டார்கள். 1959ல் அங்கே அரசு நியமித்த குழு, பெற்றோரைத் தாராளமாக அனுமதிக்கும்படி எழுதியது. நம் ஊரில் அந்தச் சண்டை தேவைப்படவில்லை. ஒரு பிள்ளையைச் சேர்த்தால் அம்மா, பாட்டி, அத்தை என்று மூன்று பேர் கூடவே சேருகிறார்கள்! கூட்டம் கூட்டம் என்று நாம் சலித்துக்கொள்வது உண்மைதான். ஆனால் நாள் முழுவதும் சும்மா உட்கார்ந்து பயப்படுகிற அந்தக் கைகளுக்கு நாம் என்ன கொடுத்தோம்?

வேலை சுலபமானது. துண்டுத் துணியை முதலில் சோப்புப் போட்டுத் துவைத்து, கொதிநீரில் போட்டெடுத்து, நல்ல வெயிலில் உலர்த்த வேண்டும். உடம்புக்குக் காடாத் துணி. அதை டீத்தூள் கொதிக்கவைத்த தண்ணீரில் ஊறவைத்தால் நம் பிள்ளைகளின் நிறம் வந்துவிடுகிறது. இரண்டு துண்டு வெட்டி, நல்ல பக்கம் உள்ளே இருக்கும்படி வைத்து, ஓரத்தைக் கெட்டித் தையலாகத் தைத்து, இரண்டு விரல் அகலம் திறந்து விட வேண்டும். அதன் வழியாகத் திருப்பி, பென்சில் முனையால் பஞ்சைத் தள்ளித் தள்ளி அடைக்க வேண்டும். கை, கால் நுனியில் பஞ்சு போய்ச் சேருவதற்குப் பொறுமை வேண்டும். இலவம் பஞ்சு வேண்டாம் என்று நர்சுகள் சொல்லிவிட்டார்கள். அது பறந்து மூச்சில் போகும், துவைத்தால் கட்டியாகிவிடும். ரெக்ரான் பஞ்சு போதும். கண்ணுக்குப் பட்டனோ மணியோ வைக்கக் கூடாது. மூன்று வயதுக்குக் கீழுள்ள பிள்ளை அதைப் பிடுங்கி விழுங்கிவிடும். ஆகவே கண், மூக்கு, வாய் எல்லாம் எம்பிராய்டரி நூல்தான். தலைமுடிக்குக் கறுப்பு உல்லன் நூல். பாவாடைக்கு லுங்கித் துண்டு.

இன்னொரு சட்டமும் உண்டு. ஒரு பொம்மை ஒரே பிள்ளைக்கு; அது வீட்டுக்குப் போகும்போது பொம்மையும் கூடப் போகும். ஆரம்பத்தில் நாங்கள் சிக்கனமாக இருப்பதாக நினைத்து ஒரே பொம்மையைக் கட்டில் கட்டிலாக எடுத்துக்கொண்டு போனோம். சளியும் இருமலும் அதோடு சேர்ந்து போகும் என்று வார்டு சிஸ்டரிடம் நன்றாகவே வாங்கிக் கட்டிக்கொண்டோம்.

கிராமத்துப் பாட்டி ஒருவர் எங்களைக் கண்டு பதறியதும் உண்டு. துணிப் பொம்மை, அதன் நெஞ்சில் குத்திய ஊசி! செய்வினை என்றே நினைத்துவிட்டார். தைக்கிறவர் ஊசியை வைக்க இடமில்லாமல் அங்கே குத்தி வைத்திருந்தார், அவ்வளவுதான். அன்றிலிருந்து ஊசிமெத்தை தவிர வேறெங்கும் ஊசி குத்தக் கூடாது. அந்தப் பாட்டியையும் பக்கத்தில் உட்காரவைத்தோம். மூன்றாம் நாள் அவரே ஒரு பொம்மைக்குக் கொண்டை போட்டார்.

துணிப் பொம்மையால் ஆறுதல் வரும் என்பது எங்கள் கண்டுபிடிப்பல்ல. 2004 டிசம்பர் 26ஆம் தேதி ஆழிப்பேரலை நம் கரையைத் தாக்கிய பின்பு, புதுச்சேரிக்கு அருகே ஆரோவில்லில் உள்ள உபாசனா என்னும் ஆடை வடிவமைப்பு நிலையத்தை நடத்தும் உமா பிரஜாபதி என்ற அம்மையார், அக்கம்பக்கத்து மீனவக் கிராமத்துப் பெண்களைக் கூட்டி உட்காரவைத்தார். வீட்டையும் வலையையும் சொந்தங்களையும் கடலுக்குக் கொடுத்துவிட்டு, கடலைப் பார்க்கவே பயந்திருந்தவர்கள் அவர்கள். ஆடை வெட்டியதில் மிஞ்சிய துண்டுகளில் விரல் அளவுள்ள சின்னஞ்சிறு பொம்மை செய்யப் பழகினார்கள். அதற்குச் "சுனாமிகா" என்று பெயர். அதைக் கடையில் விலைக்கு வைக்கவில்லை, பரிசாகவே கொடுத்தார்கள். விரும்பினவர்கள் அனுப்பிய நன்கொடையிலிருந்து, தைத்த பெண்களுக்குக் கூலி கிடைத்தது. அந்தப் பொம்மை லட்சக்கணக்கில் உலகெங்கும் போய்ச் சேர்ந்தது. நம்முடைய சபையைச் சேர்ந்தவர்களல்ல, நம்முடைய வழிபாடுமல்ல. ஆனாலும் அவர்களிடம் நாம் கற்க வேண்டியது இருந்தது. நாங்கள் அதைத் தாமதமாகத்தான் கற்றோம்.

ஏனென்றால் நாங்கள் விற்றோம். ஒரு அறுப்பின் பண்டிகையில், பொம்மை ஒன்றுக்கு விலை போட்டு மேஜையில் அடுக்கினால் மருந்துக்குப் பணம் சேருமே என்று அன்பான ஒருவர் யோசனை சொன்னார். நல்ல எண்ணந்தான், நாங்களும் சம்மதித்தோம். மதியத்துக்குள் எல்லாம் விற்றுத் தீர்ந்தது. அடுத்த வாரம் வார்டில் ஒரு பிள்ளைக்குக் கொடுக்கப் பொம்மை இல்லை. அதைக்கூடச் சரிசெய்துவிடலாம். மேலும் விற்க வேண்டுமென்று ஆனபோது, கோணல் தையல் எங்கள் கண்ணுக்கு உறுத்த ஆரம்பித்தது. நன்றாகத் தைக்கிறவர்கள் பாயின் நடுவில் வந்தார்கள். கண் மங்கின பாட்டிமார்கள், நேற்றுத்தான் பிள்ளையைச் சேர்த்துக் கை நடுங்குகிற தாய்மார்கள், மெதுவாக ஓரத்துக்குப் போய், பிறகு எழுந்தே போய்விட்டார்கள். மலைப்படி அருகே பூ விற்கிற அம்மா ஒருவர், பேரனுக்காகப் பத்து நாளாய் இருந்தவர், "என் பொம்மை விலைக்குப் போகாதுங்க ஐயா" என்று சொல்லிவிட்டு ஊசியைத் திருப்பிக் கொடுத்தார். அதைக் கேட்டும் எங்களுக்கு உறைக்க இரண்டு வாரம் ஆயிற்று என்பதை வெட்கத்தோடு அறிக்கை செய்கிறோம். விற்பனையை நிறுத்தினோம்.

விற்பதே தவறு என்று சொல்ல வரவில்லை. 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் கேரளத்தின் சேந்தமங்கலம் நெசவாளர்கள் ஓணத்துக்காக நெய்து வைத்திருந்த சேலைகள் சேற்றில் ஊறிப்போயின. லட்சுமி மேனன், கோபிநாத் பாறையில் என்னும் இருவர் அந்தச் சேலைகளைச் சுத்தம் செய்து "சேக்குட்டி" என்ற சிறு பொம்மைகளாக்கும் வழியைக் காட்டினார்கள். 1,300 ரூபாய்ச் சேலை ஒன்றில் 360 பொம்மை. ஒன்று 25 ரூபாய் என்றால் 9,000 ரூபாய். அங்கே தறி திரும்ப ஓட வேண்டியிருந்தது. ஆகவே விற்றது மிகவும் சரி. இங்கே எங்கள் பாயில் உட்காருகிறவர்களுக்குத் தேவை வேறு.

அப்போஸ்தலர் நடபடிகள் 9ஆம் அதிகாரத்தில் யோப்பா பட்டணத்துத் தொற்காளை வாசிக்கிறோம். அவள் இறந்தபோது விதவைகள் பேதுருவிடம் அழுதுகொண்டு, அவள் செய்த வஸ்திரங்களைக் காட்டினார்கள். அவள் தங்களோடு கூட இருந்த நாட்களில் செய்தவை என்று லூக்கா ஒரு வார்த்தை சேர்த்து எழுதுகிறார். செமினரியில் கிரேக்கம் படித்த காலத்தில் அந்த "கூட" என்பதைத் தாண்டிப் போய்விட்டோம். அவள் வீட்டில் தனியே தைத்து அனுப்பினவள் அல்ல போலும். அந்த விதவைகளின் நடுவில் உட்கார்ந்திருக்க வேண்டும். அவர்களில் எத்தனை பேர் கோணலாகத் தைத்தார்களோ!

வார்டுக்குப் பக்கத்தில் ஊசி என்பதால் கணக்கு மிகவும் கண்டிப்பு. பன்னிரண்டு ஊசி கொடுத்தால் பன்னிரண்டும் திரும்ப வர வேண்டும். சிஸ்டரம்மா ஒரு நோட்டில் தேதிவாரியாக எழுதிவருகிறார். அதில் ஒரே ஒரு நாள் பதினொன்று என்று இருக்கிறது. தீவிர சிகிச்சையில் இருந்த ஒரு பையனின் தாய் மூன்று நாளாகப் பாயில் உட்கார்ந்து தைத்தார். பேசவில்லை, பக்கத்தில் இருந்தவர்கள் நூல் கோத்துக் கொடுத்தார்கள், அவ்வளவே. நான்காம் நாள் விடியற்காலை பையன் கர்த்தரிடம் போய்விட்டான். ஜெபிப்பதற்காக நாங்கள் போனபோது, ஒரு கால் இன்னும் பஞ்சு அடைக்காமல் தொங்குகிற பொம்மையை அவர் முந்தானையில் சுற்றி வைத்திருந்தார். ஊசி அதன் நூலிலேயே கோத்திருந்தது. ஆம்புலன்ஸ் புறப்பட்டது. சிஸ்டரம்மா கேட்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை. "11. ஒன்று வீட்டுக்குப் போயிற்று" என்று நோட்டில் எழுதி, ஒரு பிடி பஞ்சைக் காகிதத்தில் மடித்து, அந்த ஊருக்குப் போகிறவர் கையில் மறுநாள் கொடுத்தனுப்பினார்.

ஆகையால் பிரியமானவர்களே, இந்த ஆண்டு உங்கள் காணிக்கையில் ஒரு சிறு பங்கு ரெக்ரான் பஞ்சுக்கும், எம்பிராய்டரி நூலுக்கும், மழுங்கின முனையுள்ள சின்னக் கத்தரிக்கோல்களுக்கும் போகிறது. பொம்மை வாங்க விரும்பி எழுதுகிறவர்களுக்கு இல்லை என்றே பதில் போடுகிறோம், மன்னிக்கவும். பழைய பருத்திச் சேலை, வேட்டி இருந்தால் துவைத்து அனுப்புங்கள். நைலானும் ஜரிகையும் வேண்டாம். வியாழன்தோறும் பிற்பகல் இரண்டு மணிக்கு வராந்தாவில் பாய் விரிக்கிறோம். தைக்கத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, வந்து நூல் கோத்துக் கொடுங்கள். பாட்டிமார்களுக்கு அதுதான் கண்ணில் படுகிறதில்லை.