ஊசிக்கும் கணக்கு உண்டு
(தோட்டக் கிளையின் மகளிர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பூத்தையல் வகுப்பு நடத்துவது எப்படி என்பதைப் பற்றிப் பேசும்படி கிளைச் செயலாளர் நம்மைக் கேட்டுக்கொண்டார். அதை அவர் அறிவித்தபோது பின் வரிசையில் சிலர் சிரித்ததை நாம் கவனிக்காமல் இல்லை. செக்ரோல் எழுதுகிற கிராணிக்கு ஊசியைப் பற்றி என்ன தெரியும்? நியாயமான சிரிப்புதான். ஊசியில் நூல் கோப்பதற்கே நாம் இரண்டு முறை முயல வேண்டியிருக்கிறது. ஆனால் கணக்கு எழுதத் தெரியும். நாம் அறிந்த ஒரு நல்ல வகுப்பு மூடப்படும் நிலைக்கு வந்தது ஊசியினால் அல்ல, கணக்கினால். அந்தத் தவறில் நமக்கும் பங்கு உண்டு. ஆகவே அதைச் சொல்ல நாமே கடமைப்பட்டவர்.

ஒரு வகுப்பின் கதை

நமது தோட்டத்துச் சகோதரி ஒருவர் இருபது ஆண்டுகளுக்கு மேல் பால் மரம் வெட்டியவர். தோட்டத்தின் ஒரு பகுதியில் ரப்பரை அழித்துச் செம்பனை நட்டபோது அவருடைய நிரையும் போயிற்று. தாயாரிடம் சிறு வயதிலேயே பூத்தையல் கற்றவர். பிறகு பட்டணத்தில் உறவினர் வீட்டில் தங்கி, சேலை ரவிக்கைக்கு ஆரி வேலை செய்யவும் பழகிக்கொண்டார். காலியாகக் கிடந்த ஆயாக் கொட்டகையைக் கூட்டிப் பெருக்கி, ஞாயிற்றுக்கிழமைகளில் வகுப்பு ஆரம்பித்தார். எட்டுப் பெண்கள் சேர்ந்தார்கள்.

கட்டணம் எவ்வளவு வைக்கலாம் என்று அவர் நம்மிடம்தான் கேட்டார். "அக்கா, நம் பிள்ளைகள்தானே, சேவையாக நினைத்துக் குறைவாக வையுங்கள்" என்றோம். துணி, நூல், ஊசி எல்லாம் சேர்த்து, எட்டு வகுப்புக்கு 80 வெள்ளி என்று முடிவாயிற்று. பெரிய யோசனை சொல்லிவிட்டதாக நமக்குள் ஒரு பெருமை வேறு.

மூன்று குழுக்கள் முடிந்தபின் அவர் ஒரு பிஸ்கட் தகரத்தையும் நோட்டுப் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு வந்தார். "ஐயா, எனக்கு வேலை ஓயவில்லை. பிள்ளைகளும் வருகிறார்கள். தகரத்தில் மட்டும் பணம் இல்லை. எங்கே போகிறது?" என்றார். அடுத்த மாதத்தோடு நிறுத்திவிட்டு, சாப்பாட்டுக் கடையில் பாத்திரம் கழுவப் போவதாகவும் சொன்னார். அன்றுதான் நாம் பென்சிலை எடுத்தோம்.

தகரம் சொன்ன கணக்கு

ஒரு குழுவின் கணக்கை உங்கள் முன் வைக்கிறோம். எட்டுப் பேர் சேர்ந்தார்கள், இருவர் பாதியில் நின்றார்கள், அவர்கள் பணம் கட்டவில்லை. வந்தது ஆறு பேரின் 480 வெள்ளி. பொருள்களோ முதல் நாளே எட்டுப் பேருக்கும் கொடுத்தாயிற்று. ஆளுக்கு 22 வெள்ளி வீதம் 176 வெள்ளி. விளக்கு, தேநீர், மாதிரிப் படப் பிரதிகள் 40 வெள்ளி. நூல் வாங்கப் பட்டணம் போய்வந்த பஸ் கூலி 24 வெள்ளி. மிச்சம் 240 வெள்ளி.

வகுப்பு ஒன்றுக்கு இரண்டு மணி வீதம் எட்டு வகுப்புக்குப் பதினாறு மணி. அப்படியானால் மணிக்கு 15 வெள்ளி கிடைத்திருக்கிறதே, குறைவில்லையே என்று தோன்றும். நமக்கும் அப்படித்தான் தோன்றியது. "அக்கா, வகுப்பில்லாத நாளில் என்ன செய்கிறீர்கள்?" என்று கேட்டோம். அவர் சொல்லச் சொல்ல எழுதினோம். துணியை நனைத்து உலர்த்தி வெட்டுவது, எட்டுத் துணியிலும் பூப்படம் வரைவது, பிள்ளைகள் தப்பாகப் போட்ட தையலை இரவில் பிரித்து வைப்பது, இவற்றுக்கு ஒவ்வொரு வகுப்புக்கும் மூன்று மணி. எட்டு வகுப்புக்கு இருபத்துநான்கு மணி. பட்டணத்துக்கு இரண்டு நடை, நடைக்கு நான்கு மணி. எல்லாம் சேர்த்து நாற்பத்தெட்டு மணி.

240 வெள்ளியை 48 மணிக்குப் பங்கிட்டால், மணிக்கு 5 வெள்ளி!

தோழர்களே, இந்நாட்டில் குறைந்தபட்சச் சம்பளம் முதன்முதலாக 2013-ஆம் ஆண்டில் தீபகற்பத்துக்கு மாதம் 900 வெள்ளி என்று நடைமுறைக்கு வந்தது. 2025-இல் அது 1,700 வெள்ளியாயிற்று. அவ்வாண்டு ஆகஸ்டு முதல் நாளிலிருந்து சிறிய முதலாளிகளும் அதற்குக் கட்டுப்பட்டார்கள். மணிக் கணக்கில் அது 8 வெள்ளி 17 காசு. பாத்திரம் கழுவப் போனால் சட்டப்படி கிடைக்க வேண்டிய அந்தத் தொகைகூட, இருபது ஆண்டுக் கைத்திறமைக்குக் கிடைக்கவில்லை. கொடுக்காதது யார்? எந்தத் துரையும் இல்லை. அவரே அவருக்குக் கொடுக்கவில்லை. அதற்கு யோசனை சொன்னது நாம்!

பால் மரம் வெட்டுகிறவருக்குக் கத்தி தீட்டுவதும், மங்கு துடைப்பதும், பாலைச் சுமந்துகொண்டு ஸ்டோருக்கு நடப்பதும், நிறுவைக்குக் காத்து நிற்பதும் வேலைதான் என்று வாதாடுகிறவர்கள் நாம். மரத்தில் கத்தி படுகிற நேரம் மட்டும்தான் வேலை என்று எவராவது சொன்னால் விடுவோமா? அப்படியிருக்க, ஒரு பெண் இரவில் விளக்கடியில் உட்கார்ந்து தையல் பிரிக்கிற நேரத்தை மட்டும் எப்படி மறந்தோம்? வீட்டுக்குள் பெண் செய்கிற காரியம் என்றால் அது வேலைக் கணக்கில் வராது என்கிற பழைய எண்ணம் சங்கத்துக்காரன் மனத்திலும் குடியிருந்திருக்கிறது. இதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறோம்.

கட்டணம் வைக்கும் முறை

பிறகு அவரும் நாமும் உட்கார்ந்து புதிய கணக்குப் போட்டோம். முதலாவது, பொருள் வேறு, கற்பித்தல் வேறு என்று பிரித்தோம். பொருளுக்கு, சேதாரமும் சேர்த்து 25 வெள்ளி. அதை முதல் நாளே கட்டினால்தான் பை கொடுக்கப்படும்.

இரண்டாவது, ஆசிரியைக்கு மணிக்கு 12 வெள்ளி என்று வைத்தோம். நாற்பத்தெட்டு மணிக்கு 576 வெள்ளி, மற்றச் செலவு 64 வெள்ளி, ஆக 640 வெள்ளி. இதை எட்டால் வகுக்கவில்லை, ஆறால் வகுத்தோம். இருவர் நிற்கக்கூடும் என்பதை அனுபவம் காட்டிவிட்டதே! ஆளுக்கு 107 வெள்ளி வந்தது. 110 என்று வைத்தோம்.

தோட்டத்துப் பிள்ளைகள் இவ்வளவு கட்டுவார்களா என்று கேட்பீர்கள். ஒரே தடவையில் கட்டச் சொல்லவில்லை. பாதி தொடக்கத்தில், மீதி நான்கு தவணையில். அப்படியும் இயலாத குடும்பங்கள் இரண்டு இருந்தன. அவர்களுக்காகக் கிளை அங்கத்தினர்கள் பணம் சேர்த்துக் கட்டினார்கள். ஏழைப் பிள்ளைக்கு உதவ வேண்டியதுதான். ஆனால் அந்த உதவி முழுவதையும் ஒரே ஒரு தொழிலாளியின் கூலியிலிருந்து எடுப்பது தர்மம் ஆகாது. எல்லோரும் சேர்ந்து சுமந்தால்தான் அது தர்மம்.

என்ன கற்பிப்பது?

இனி வரும் செய்திகள் அந்தச் சகோதரி சொல்லி நாம் எழுதிக்கொண்டவை.

எட்டுப் பேருக்கு மேல் சேர்க்கக்கூடாது. ஒவ்வொருவர் கைக்குப் பின்னாலும் ஆசிரியை போய் நின்று பார்க்க வேண்டும். இடக்கைப் பிள்ளை இருந்தால் தமக்கு நேர் எதிரே உட்கார வைக்க வேண்டும். கண்ணாடியில் பார்ப்பதுபோல் அது எளிதில் பிடித்துக்கொள்ளும். வகுப்பைக் காலை ஒன்பதிலிருந்து பதினொன்று வரை சன்னல் பக்கமாக வைத்துக்கொள்ள வேண்டும். பகல் வெளிச்சத்துக்கு ஈடான விளக்கு இல்லை. அரை மணிக்கு ஒரு முறை ஊசியைக் கீழே வைத்துவிட்டுத் தூரத்து மரத்தைப் பார்க்கச் சொல்ல வேண்டும்.

பூத்தையல் நூல் ஒரு கண்டு 8 மீட்டர். அதில் ஆறு இழைகள் சேர்ந்திருக்கும். தெரியாத பிள்ளை ஆறையும் சேர்த்தே கோத்துவிடும். தையலும் தடிக்கும், நூலும் வீண். இரண்டு இழையாகப் பிரித்தெடுத்தால் அதே கண்டு 24 மீட்டருக்கு வரும். முழங்கை முதல் விரல் நுனி வரையிலான நீளத்துக்கு மேல் நூல் வெட்டினால் சிக்கும். இந்த இரண்டையும் முதல் நாளே சொல்லிக் கொடுத்தால் பொருள் செலவு பெரிதும் குறைகிறது.

முதல் வகுப்பில் ஓட்டுத் தையலும் பின் தையலும். அடுத்தடுத்துக் காம்புத் தையல், சங்கிலித் தையல், பொத்தான் துளைத் தையல், இலைக்கும் இதழுக்கும் நிரப்புத் தையல், பூ நடுவுக்கு முடிச்சு. கடைசி இரண்டு வகுப்பிலும் ஒரு கைக்குட்டையோ தலையணை உறையோ முழுமையாக முடிக்க வேண்டும். தாயார் கையில் கொடுக்க ஒரு பொருள் இருக்கும் பிள்ளை, அடுத்த குழுவுக்கு இரண்டு பேரை அழைத்து வரும். பணம் கொடுத்துச் செய்யும் விளம்பரம் வேண்டியதில்லை.

ஆரி வேலையை இதோடு கலக்கக்கூடாது. அது தனி வகுப்பு. துணியைச் சட்டத்தில் மத்தளம்போல் இழுத்துக் கட்டி, மேலே கொக்கி ஊசி, கீழே இடக்கையில் நூல் என்று இரண்டு கையும் ஒன்றையொன்று பாராமல் வேலை செய்ய வேண்டும். குஜராத்தின் கச்சுப் பகுதியில் தோல் தைத்த மோச்சித் தொழிலாளிகளின் கொக்கி ஊசிதான் பட்டுத் துணிக்கு ஏறி அரண்மனைக்குள் போயிற்று. கல்யாண ரவிக்கையில் மின்னுகிற அந்த வேலைக்குப் பின்னால் செருப்புத் தைத்த கை இருக்கிறது என்பதை நமது பெண்கள் அறிந்திருப்பது நல்லது.

நாமே கங்காணி ஆகலாகாது

இப்பொழுது கசப்பான ஒன்றைச் சொல்ல வேண்டும். தீபாவளிக்கு முன்னும் கல்யாண மாதங்களிலும் ரவிக்கை வேலை குவியும். ஆசிரியை ஒருவரால் முடியாது. அப்போது மாணவிகளிடம் அந்த ரவிக்கைகளைக் கொடுத்து, "இதுவும் பயிற்சிதான்" என்று சொல்லத் தோன்றும். நமது சகோதரிக்கும் தோன்றியது. ஒரு பெண் நான்கு நாள் உட்கார்ந்து ஒரு கைக்கு மணி கோத்துத் தைத்தாள். ரவிக்கைக்காரர் பணம் கொடுத்தார். பெண்ணுக்குக் கிடைத்தது ஒரு சோடா!

கற்றுக்கொள்ள வந்தவள் தன் மாதிரித் துணியில் தைப்பது பயிற்சி. விலைக்குப் போகும் துணியில் தைப்பது வேலை. வேலைக்குக் கூலி உண்டு. இதை எடுத்துச் சொன்னபோது அவர் சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு அந்தப் பெண்ணைக் கூப்பிட்டுப் பங்கைக் கொடுத்தார். இன்று அவருடைய நோட்டில் தனிப் பக்கம் இருக்கிறது: யார் தைத்தது, எத்தனை மணி, எவ்வளவு கொடுத்தது. தம் நேரத்துக்குக் கணக்கு எழுதப் பழகியவர் அடுத்தவர் நேரத்துக்கும் எழுத வேண்டும். இல்லையேல் பழைய கங்காணி முறையைத்தான் ஆயாக் கொட்டகைக்குள் கொண்டுவந்தவர்கள் ஆவோம்.

சட்டம் சொல்வது

தீபகற்பத்திலும் லாபுவானிலும் 1956-ஆம் ஆண்டு வியாபாரப் பதிவுச் சட்டம் இருக்கிறது. தொழில் தொடங்கிய 30 நாளுக்குள் பதிந்துகொள்ள வேண்டும். சொந்தப் பெயரிலேயே நடத்தினால் ஆண்டுக்கு 30 வெள்ளி, வேறு வியாபாரப் பெயர் வைத்தால் 60 வெள்ளி. இந்தத் தாளைக் கண்டு அஞ்ச வேண்டாம். கடன் கேட்கவும், பள்ளிக்கூடத்தில் வகுப்பெடுக்க விண்ணப்பம் போடவும் அது கையில் இருப்பது நல்லது. சுயதொழில் செய்வோருக்கென 2017-இல் சொக்சோவின் தனிச் சட்டமும் வந்தது. பாரத்தை நிரப்பத் தெரியாவிட்டால் அலுவலகத்துக்கு வாருங்கள், நாம் நிரப்பித் தருகிறோம்.

ஆனால் தாய்மார்களே, தாமே தமக்கு முதலாளியாக இருப்பவருக்குக் குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் காவல் நிற்காது. அந்தக் காவலை அவரே நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். இன்று நாம் சொல்ல வந்தது இந்த ஒன்றுதான்.

அந்தச் சகோதரி சாப்பாட்டுக் கடைக்குப் போகவில்லை. புதிய கட்டணத்தில் முதல் குழுவுக்கு ஏழு பேர் வந்தார்கள். ஒருவர் குறைந்தது உண்மை, அதை மறைக்கவில்லை. ஆனால் தகரத்தில் முதன்முறையாகப் பணம் மிஞ்சியது. இந்தக் கூட்டத்தில் அவரும் உட்கார்ந்திருக்கிறார். பெயர் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் சொல்லவில்லை. மடியில் ஒரு தலையணை உறையை வைத்துக்கொண்டு தைத்தபடியே கேட்கிறவர் யார் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

வகுப்பு ஆரம்பிக்க விரும்பும் சகோதரிகள் கூட்டம் முடிந்ததும் அவரைச் சுற்றி உட்காருங்கள். தையலை அவரிடம் கேளுங்கள். கணக்குக்கு நாம் பென்சிலோடு பக்கத்திலேயே இருப்போம்.