கூரை போட்டால் போதுமா?

(நிவாரணத் தொண்டர்கள் கூட்டத்தில் பேசியது)

புயல் அடித்தால் நாம் அரிசி திரட்டுகிறோம். வேட்டி, சேலை வசூலிக்கிறோம். விழுந்த கூரையைத் தூக்கி நிறுத்துகிறோம். இவை அத்தனையும் தேவைதான். ஆனால் அந்தக் கூரையின் கீழே, இரவெல்லாம் தூங்காமல் விழித்துக் கிடக்கும் பிள்ளையை யார் கவனிப்பது?

2004 டிசம்பர் 26 காலை ஆழிப்பேரலை வந்தது. நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் மாண்டனர். தப்பிய பிள்ளைகள் பலர் அலைச் சத்தம் கேட்டாலே நடுங்கினர். அப்போது பெங்களூர் நிம்ஹான்ஸ் மனநல நிறுவனத்தார் வந்து, உள்ளூர் ஆண்களுக்கும் பெண்களுக்கும் பயிற்சி கொடுத்தனர். ஏன்? ஊருக்கு ஊர் டாக்டர் கிடைக்க மாட்டார். பிள்ளைக்குத் தைரியம் தருவது பழகிய முகமும் அன்பான பேச்சும்தான். அதை நம்மாலும் தர முடியும்.

என்ன செய்ய வேண்டும்?

முகாமில் பிள்ளையைத் தாய் தகப்பனிடமிருந்து பிரிக்காதீர்கள். படுக்கையில் சிறுநீர் கழித்தால் திட்டாதீர்கள். பயத்தால் வருவது அது. தாய் இறந்திருந்தால் ‘ஊருக்குப் போயிருக்கிறாள்’ என்று பொய் சொல்லாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து உண்மையை மெதுவாகச் சொல்லுங்கள். நடந்ததைச் சொல் என்று துருவித் துருவிக் கேட்காதீர்கள். தானே சொன்னால் காது கொடுங்கள். பந்து கொடுங்கள், படம் வரையக் காகிதம் கொடுங்கள். பள்ளியும் அங்கன்வாடியும் சீக்கிரம் திறக்கும்படி அதிகாரிகளை வற்புறுத்துங்கள். மணியடித்ததும் பள்ளிக்கூடம், மத்தியானம் சோறு, சாயங்காலம் விளையாட்டு என்ற பழைய ஒழுங்கே பாதி மருந்து. பெரும்பாலான பிள்ளைகள் இப்படியே தேறிவிடுவார்கள். வாரங்கள் கழிந்தும் உண்ணாமல், உறங்காமல், பேசாமல் இருக்கும் பிள்ளையை ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்லுங்கள்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை கடந்தது. தென்னை சாய்ந்தது, குடிசை பறந்தது, கூலி வேலை நின்றது. அதன்பின் ஒரு ஏழைக் குடும்பம் தன் மகனையே பணத்துக்கு வேலைக்கு விட்ட செய்தி பத்திரிகைகளில் வந்தது. பெற்றவருக்குப் பாசம் இல்லாமலா? அடுப்பு எரியவில்லை, தோழர்களே! முன்பணத்தோடு தரகன் வருவது அந்த நேரம் பார்த்துத்தான். 14 வயதுக்குட்பட்ட பிள்ளையை வேலைக்கு வைப்பது குற்றம். கொத்தடிமை முறை 1976 சட்டப்படியே ஒழிக்கப்பட்டது. தரகன் தலை தெரிந்தால் 1098க்குத் தொலைபேசியில் சொல்லுங்கள். அநாதைப் பிள்ளையை வளர்க்கிறேன் என்று அயலார் வந்தால் கையில் கொடுத்துவிடாதீர்கள். உறவினரைத் தேடுங்கள், குழந்தைகள் நலக் குழுவுக்குத் தெரிவியுங்கள்.

ஆகவே, பெற்றோருக்கு உடனே வேலையும் நிவாரணத் தொகையும் கேட்பது பிள்ளைக்காகக் கேட்பதே. தகப்பன் முகத்தில் கவலை குறைந்தால்தான் பிள்ளை கண்ணில் தூக்கம் வரும்.

அடுத்த முறை மூட்டை கட்டும்போது அரிசியோடு ஒரு பந்தையும் சிலேட்டையும் வையுங்கள். ஊருக்கு இரண்டு தோழர்களைப் பிள்ளைகளுக்கென்றே ஒதுக்குங்கள். அந்தப் பெயர்களை இந்தக் கூட்டம் கலையுமுன் எழுதிக்கொள்வோம்!