முதலில் வலி நிவாரணம், பிறகு செயலி
முற்றிய புற்றுநோயோடு வீட்டில் ஒருவர் இருந்தால் இரவு நீளும், பயமும் நீளும். மூச்சைக் கவனிக்கச் சொல்லித்தரும் மைண்ட்ஃபுல்னஸ் செயலிகள் அப்போது கொஞ்சம் கைகொடுக்கும். 1979-இல் அமெரிக்காவில் ஜான் கபாட்-ஜின் நாள்பட்ட வலியுள்ளோருக்குத் தொடங்கிய பயிற்சிதான் இவற்றில் பலவற்றுக்கு வித்து. படுத்தபடியே ஐந்து நிமிடம் போதும். நாமும் பக்கத்தில் உட்கார்ந்து செய்யலாம்.

ஆனால் இது நோயைக் குணமாக்காது. வலி மாத்திரைக்கும் மாற்றில்லை. வலி தணிந்தால்தான் மனம் மூச்சில் நிற்கும். 2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வலி தணிப்புச் சிகிச்சை வீட்டுக்கே வருகிறது. மதுரை மாநகராட்சியின் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். மனம் தாங்காவிட்டால் டெலிமானஸ் 14416, இலவசம், 24 மணி நேரமும் உண்டு.

வங்கியில் இருந்தவன் என்பதால் ஒன்று சொல்கிறேன்: ‘இலவசம்’ என்று தொடங்கும் சில செயலிகள் பிறகு தானாகப் பணம் எடுக்கும். ஆட்டோபே அனுமதியைப் பார்த்துக் கொடுங்கள்.