செயலாய்வுப் பட்டமும் அதன் பயனும்

(நமது சங்கத்தின் கல்விக் கூட்டத்தில் தமிழாசிரியர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



கணிதமும் பொறியியலும் பயின்று பட்டம் பெற்ற நம் பிள்ளைகளுட் சிலர், ஆபரேஷன்ஸ் ரிசர்ச் எனப்படும் செயலாய்வில் முதுநிலைப் பட்டம் பெற விழைகின்றனர். அதன்பொருட்டு வீட்டை அடகு வைத்தல் தகுமோ எனப் பெற்றோர் வினவுகின்றனர். இவ்வினாவிற்கு விடை காண்பதே இன்றைய பேச்சின் நோக்கமாகும்.

செயலாய்வாவது யாது? உள்ள பொருளையும் ஆளையும் காலத்தையும் எவ்வாறு பகிர்ந்தால் பயன் மிகும் என்பதைக் கணிதத்தாற் காண்பது. இஃது இரண்டாம் உலகப் போரையொட்டி இங்கிலாந்தில் வளர்ந்தது. அந்நாட்டு அறிஞர் பிளாக்கெட்டின் குழுவினர், காவலோடு செல்லும் வணிகக் கப்பற்கூட்டங்களைப் பெரியனவாக்கின் இழப்பு விகிதம் குறையும் எனக் காட்டினர். கப்பல்கள் இருமடங்காயினும் காக்கவேண்டிய சுற்றெல்லை இருமடங்காகாது என்பதே அவர்கள் கண்ட காரணம்.

நிற்க. இக்கல்வியின் மதிப்பை அளத்தற்கு ஒரு வரலாறு துணை செய்யும். ஒருவன் உடல்நலத்திற்கு வேண்டும் சத்துக்களை ஓராண்டிற்கு மிகக் குறைந்த செலவிற் பெறுவது எங்ஙனம் என, 77 உணவுப் பொருள்களைக் கொண்டு அமெரிக்கப் பொருளியலறிஞர் ஸ்டிக்ளர் ஆராய்ந்தார். 1945-இல் அவர் வெளியிட்ட விடை 39.93 டாலர். 1947-இல் டான்ட்சிக் கண்ட சிம்பிளெக்ஸ் முறையைக் கையாண்டு, ஒன்பது எழுத்தர்கள் கணக்கிட்டபோது கிடைத்த சரியான விடை 39.69 டாலர். வேறுபாடு 24 சென்டே!

கூரிய அறிவுடையான் கலையின்றியும் நல்விடைக்கு அணுகி வரவல்லான். அணுகியதற்கும் அடைந்ததற்கும் உள்ள சிறு வேறுபாடே அக்கலை தருவது. ஒருவனது உணவில் அஃது அற்பம். ஆயிரக்கணக்கான வண்டிகளையும் வானூர்திகளையும் நடத்தும் நிறுவனத்திலோ அது பெருஞ்செல்வம். ஆதலின், பெருநிறுவனத்திலோ ஆராய்ச்சியிலோ பணிபுரிய விழைவார்க்கே இப்பட்டம் தகும். தம் குடும்பக் கடையை நடத்தப் போவார்க்கு இளநிலையிற் கற்ற கணிதமே போதுமானது.

மற்றொன்றும் கருதுக. ஸ்டிக்ளர் கண்ட உணவில் மாவும் கீரையும் அவரையும் போல்வன சிலவே இருந்தன. சுவை என்பது கணக்கில் இடம்பெறவில்லை. எழுதாததைக் கணக்கு அறியாது. பட்டத்திற்குச் செலவு கணிக்கும் பெற்றோரும் கல்லூரிக் கட்டணத்தை மட்டும் எழுதுதல் ஆகாது. கடனுக்குரிய வட்டி, இரண்டாண்டில் இழக்கும் ஊதியம், இல்லத்தில் மணமாக வேண்டிய பிள்ளைகள், முதியோரின் மருத்துவம் ஆகிய யாவும் எழுதப்படல் வேண்டும்.

அங்ஙனம் எழுதிப் பார்த்தால், அயல்நாடு செல்லுமுன் நம் நாட்டு வாய்ப்புக்களை நாடுதலே முறையென்பது விளங்கும். பம்பாய் ஐ.ஐ.டி.யிலும், மகலனோபிஸ் நிறுவிய கல்கத்தா இந்தியப் புள்ளியியல் நிறுவனத்திலும், தில்லிப் பல்கலைக்கழகத்திலும் இத்துறை பயிற்றப்படுகின்றது. அமெரிக்காவிலோ முதுநிலைப் படிப்பு பெரும்பாலும் கைப்பொருளால் ஆவது. முனைவர் பட்டத்திற்குப் பயில்வார் பலர் உதவித்தொகை பெறுவர். இவ்வேறுபாட்டை அறியாது கடன்படல் அறிவுடைமையன்று.

மாணவர்களே! இப்பட்டத்தின் பெயரைச் சொல்லி அழைக்கும் வேலைகள் சிலவே. தரவு ஆய்வு, சரக்குப் போக்குவரத்துத் திட்டம் முதலிய பெயர்களிலேயே அவை பெரிதும் வரும். கணினிக்கு நிரல் எழுதும் திறனும், களத்திற்குச் சென்று தொழிலாளியிடம் கேட்டறியும் பணிவும் இல்லார்க்கு இப்பட்டம் ஏட்டுச் சுரைக்காயே. முதலில் நேரியல் திட்டமிடலையும் நிகழ்தகவையும் ஓராண்டு தாமே பயின்று பாருங்கள். அதில் இன்பம் பிறந்தால் மேற்செல்லுங்கள். சலிப்புப் பிறந்தால், வீடு அடகினின்று தப்பியது என மகிழுங்கள்.

சங்கத்தாருக்கும் ஒரு விண்ணப்பம். உதவித்தொகை வேண்டி வருவாரிடம் மதிப்பெண்ணோடு இக்கணக்கையும் கேட்டுப் பெறுக. தன் குடும்பத்தின் கணக்கை நேர்மையாய் எழுதவல்லானே செயலாய்வு கற்கத் தகுதியுடையான் என்பது என் துணிபு.