கொம்பேறி மூக்கன்



கொம்பேறி மூக்கன் என்ற பெயரைக் கேட்டு நடுங்காதவர் நம் கிராமங்களில் சிலரே. அது ஒருவனைக் கடித்துவிட்டு, சுடுகாட்டு மரத்தில் ஏறி, அவன் சிதையில் புகை எழுவதைக் கண்ட பின்னரே கீழிறங்கும் என்பது கர்ணபரம்பரைக் கதை. இவ்வளவு பழி சுமக்கும் அப்பிராணிக்கு விஷப்பல்லே கிடையாது. சிறு பற்கள் மட்டும் உண்டு. கையில் பிடித்தால் கடிக்கும், கீறலாய் இரத்தம் கசியும், அவ்வளவே.

அதன் உடல் சாட்டை போல் மெலிந்தது. நீளம் பெரும்பாலும் மூன்று நான்கு அடி. அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வால். முதுகின் நடுவே வெண்கல நிறப் பட்டையும், விலாவில் வெளிறிய கோடும் ஓடும். கண்கள் பெரியவை, கருமணி வட்டமானது. சினங்கொண்டு கழுத்தை உப்பினால் செதில்களுக்கு இடையே நீலநிறத் தோல் தோன்றும். பயந்தவன் கண்ணுக்கு அந்நீலமே ஆலகாலமாய்ப் படுவதில் வியப்பில்லை.

மரமேறும் சூட்சுமம் அதன் வயிற்றில் இருக்கிறது. அடிச்செதில் ஒவ்வொன்றின் இரு ஓரங்களிலும் ஒரு மடிப்பு உண்டு. தென்னை, பனை முதலியவற்றின் சொரசொரப்பில் அம்மடிப்புகள் ஊன்றிக்கொள்ளவே, பாம்பு நேராக மேலேறுகிறது. கிளைக்குக் கிளை தாவவும் செய்கிறது. பகலில்தான் அது இரை தேடும். ஓணான், பல்லி, தவளை ஆகியவையே முக்கிய ஆகாரம். பெண் பாம்பு மரப்பொந்து போன்ற இடங்களில் முட்டையிடும். கிளையினின்று பாதி உடலை நீட்டி அசையாமல் உற்று நோக்குவது அதன் வழக்கம். புகை பார்க்கும் கதை இதிலிருந்தே பிறந்திருக்கலாம்.

இக்கதையால் பாம்புக்கு மட்டுமன்று, மனிதனுக்கும் கேடு உண்டு. இரவில் தரையில் படுத்திருப்பவனைக் கட்டுவிரியன் கடித்தால் வலியும் வீக்கமும் மிகக் குறைவாகவே இருக்கும். காலையில் கூரையில் கொம்பேறி மூக்கனைக் கண்டவர்கள் அதை அடித்துக் கொன்று, விறகு வைத்துக் கொளுத்தி, "இனிப் புகை பார்க்க ஆளில்லை" என்று ஆறுதலடைந்தால், கடிபட்டவனுடைய பொன்னான நேரம் வீணாகிறது. கடித்தது எதுவென்று ஐயமிருப்பின், கீறுவதும் உறிஞ்சுவதும் இறுகக் கட்டுவதும் கூடாது. கடிபட்ட அங்கத்தை அசைக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

அங்கு போடப்படும் மருந்துக்கு ஒரு கூட்டுறவுச் சங்கமும் காரணம் என்பது அங்கத்தினர்களுக்கு மகிழ்ச்சி தரும். மாமல்லபுரத்தை அடுத்த வடநெம்மேலியில், இருளர் பாம்பு பிடிப்போர் 1978-ம் வருஷத்தில் தமக்கென ஒரு சங்கம் அமைத்தனர். நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கையும் உயிருடன் பிடித்து, விஷத்தை எடுத்தபின் காட்டிலேயே விட்டுவிடுவது அவர்கள் முறை. அவ்விஷத்தைக் கொண்டே முறிமருந்து தயாராகிறது. கொம்பேறி மூக்கன் அச்சங்கத்தின் ஜாபிதாவில் இல்லை. அதனிடம் எடுப்பதற்கு ஒன்றுமில்லை.