சிறைச் சுவர்களும் மருத்துவமனையும்

அந்தமானில் பழைய கட்டடங்களைப் பாதுகாப்பது குறித்துப் பேசுவோர், கட்டடக் கலையின் அழகிலிருந்து தொடங்குவது பொருந்தாது. இங்குள்ளவை தண்டனைக் குடியேற்றத்தின் கட்டடங்கள். 1858இல் கைதிகளைக் கொண்டுவந்து இறக்கிய ஆங்கில அரசு, அவர்களது உழைப்பைக் கொண்டே தன் தலைமையிடத்தை எழுப்பிக்கொண்டது.

2024இல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றம் பெற்ற போர்ட் பிளேரில், லம்பா லைன் பகுதிக்கு அருகிலுள்ள விமான நிலையத்தில் வந்திறங்கும் பயணிகள் பெரும்பாலும் முதலில் காண விழைவது செல்லுலர் சிறையைத்தான். 1896இல் தொடங்கி 1906இல் முடிக்கப்பட்ட இச்சிறை, நடுக் கோபுரத்திலிருந்து ஏழு கிளைகளாக, மூன்று அடுக்குகளுடன் விரிந்தது. செங்கல் பர்மாவிலிருந்து வந்தது. ஒரு கிளையின் முகப்பு அடுத்த கிளையின் முதுகையே நோக்கும். ஆதலால் எதிரே இன்னொரு கைதியின் முகம் தெரியாது. ஏழில் இன்று எஞ்சியிருப்பவை மூன்றே.

1941ஆம் ஆண்டின் நிலநடுக்கமும், 1942 முதல் 1945 வரை நீடித்த ஜப்பானிய ஆதிக்கமும் இவ்வழிவில் பங்கு கொண்டன. எனினும், விடுதலைக்குப் பின்னரும் இடிப்பு தொடர்ந்தது என்பதே சிந்தனைக்குரியது. 1963இல் அவ்வளாகத்தில் கோவிந்த வல்லப பந்த் மருத்துவமனை அமைந்தது. இடிப்பை எதிர்த்து முன்னாள் அரசியல் கைதிகள் குரல் எழுப்பினர். 1979 பிப்ரவரி 11 அன்று பிரதமர் மொரார்ஜி தேசாய் எஞ்சிய பகுதியைத் தேசிய நினைவுச் சின்னமாக நாட்டுக்கு அர்ப்பணித்தார்.

மருத்துவமனை அமைத்தது தவறா? பெருநிலத்திலிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால் வாழும் மக்களிடம் அவ்வாறு கூற எவரும் துணியார். குறை, கணக்கிடும் முறையில் உள்ளது. மருத்துவமனையை வேறிடத்தில் கட்டினால் ஆகும் கூடுதல் செலவை ரூபாயில் எழுதிவிடலாம். இடித்த கிளையை எத்தொகை கொடுத்தும் மீட்க இயலாது. மீளா இழப்பையும் சாதாரணச் செலவினத்தையும் திட்ட மதிப்பீட்டில் ஒரே தலைப்பின்கீழ் காட்டுவது முறையன்று. சந்தை விலை இல்லாத சுவரின் மதிப்பு சுழி ஆகிவிடாது.

எதிரேயுள்ள ராஸ் தீவு 2018 முதல் நேதாஜி சுபாஷ் சந்திர போஸின் பெயரைத் தாங்கியுள்ளது. 1941 வரை ஆட்சித் தலைமையிடமாக விளங்கிய அத்தீவில், தேவாலயமும் ரொட்டிச் சாலையும் மரவேர்களின் பிடியில் நிற்கின்றன. வேரை அகற்றினால் சுவரும் சரியக்கூடும். கடற்காற்றும் மழையும் நிறைந்த இடத்தில் ஒருமுறை வழங்கும் மானியம் போதாது. ஆண்டுதோறும் ஒதுக்கீடு வேண்டும்.

சாத்தம் மர அறுவை ஆலையின் நிலை வேறு. 1883இல் தொடங்கிய அவ்வாலை, நூற்றாண்டு கடந்தும் மரம் அறுத்து வந்தது. வேலை நடக்கும் கட்டடத்தின் கூரை ஒழுகினால் அன்றே ஆள் ஏறிவிடுவார். பூட்டி வைத்த கட்டடத்தின் கூரைக்குக் கோப்பு நகர வேண்டும்.